பந்தலில் ஒன்று, கொட்டகையில் ஒன்று

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்றொரு சின்ன ஊர். லீ மேக்ஸ்வெல் என்பவர் அங்கே கொட்டகைகள் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாஷிங் மெஷின்களைச் சேர்த்து வைத்தார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1985-இல் மனைவி பார்பராவுடன் ஊர் சுற்றக் கிளம்பியவருக்கு, அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு பண்ணை ஏலத்தில் பழைய மேடேக் மெஷின் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கினார். வீடு திரும்பும்போது வண்டியில் ஒரு டஜனுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அதற்கப்புறம் அவர் நிற்கவே இல்லை. துருவைச் சுரண்டினார், உடைந்த பாகங்களைச் சரிசெய்தார், முடிந்தவற்றை ஓட வைத்தார், வரிசையாக நிறுத்தி வருபவர்களுக்குக் காட்டினார். விஷயம் கின்னஸ் புத்தகம் வரை போனது.

ஏலம் என்பது நம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கும் புதிதல்ல. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் நடக்கிறது. திரையில் ஒரு லாட்டுக்கு விலை முடிய நொடிக்கணக்கு போதும். ஆனால் பழைய வாஷிங் மெஷினை இங்கே யாரும் ஏலத்துக்குக் கொண்டுவருவதில்லை. பாத்ரூம் வாசல், மாடிப்படிக்கு அடி, கொல்லைப்புறம், கடைசியில் காயலான் கடை. அது போகும் வழி இவ்வளவுதான்.

இந்த இரண்டு ஊர்களையும் எதற்கு அருகருகே வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு ஊரிலும் வாஷிங் மெஷின் காட்சிக்கு நின்றிருக்கிறது என்பதுதான் காரணம். நின்ற நேரம்தான் வேறு. ஈட்டனில் அது உழைத்து ஓய்ந்து ஐம்பது, எண்பது வருடம் கழித்துக் காட்சிக்கு வருகிறது. போடியில் உழைக்கத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

சீர்வரிசையைத்தான் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் பந்தலுக்குப் பக்கத்தில் கட்டில், மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், பித்தளை அண்டா, வெண்கலப் பானை எல்லாம் அடுக்கியிருக்கும். 1990-களிலிருந்து அந்த வரிசையில் வாஷிங் மெஷினும் சேர்ந்துகொண்டது. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று, ஆனால் கண்ணாடித்தாள் உறையைப் பிரிக்கவில்லை. மேலே ஒரு லேஸ் துணி, நெற்றியில் வைப்பதுபோல முகப்பில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கேமராவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டுவார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா லேஸை விலக்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செமியா, ஃபுல் ஆட்டோமேட்டிக்கா?" என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்பார். அன்றைக்கு அது துணி துவைக்கும் கருவி அல்ல. பெண்வீட்டார் எவ்வளவு செய்தார்கள் என்பதற்கு எல்லோர் கண்ணெதிரே நிற்கும் கணக்கு. மறுநாள் அது வண்டியேறிப் போய்விடும். அதற்கப்புறம் அதை யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை.

முதல் நாள் அதிசயம் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்வீடனின் மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-இல் பேசிய ஒரு புகழ்பெற்ற பேச்சில், தங்கள் வீட்டுக்கு மெஷின் வந்த அன்று பாட்டி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துவைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்ததைச் சொல்வார். ஆயுள் முழுக்க விறகு மூட்டித் தண்ணீர் சுடவைத்துத் துவைத்த பாட்டி அவர். ரோஸ்லிங்கின் பாட்டி பார்த்தது வேலையை. நம் பெரியம்மா பார்த்தது விலையை. மண்டபத்தில் அந்த மெஷின் ஓடுவதே இல்லை.

இனி எந்திரங்களுக்கு வருவோம். ஈட்டன் வகைக் கொட்டகைகளில் அதிகம் கொண்டாடப்படுவது மேடேக். அயோவாவின் நியூட்டன் நகரில் 1893-இல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. கருவி விற்பனை மந்தமான பருவத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்க 1907-இல் வாஷிங் மெஷின் செய்யப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. 1919-இல் வார்ப்பு அலுமினியத் தொட்டி. 1922-இல் தொட்டியின் அடியிலிருந்து தண்ணீரைக் கலக்கும் அமைப்பு. அதுவரை பல மெஷின்களில் மேல்மூடியிலிருந்து தொங்கும் கட்டைதான் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தது. 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அதனால் மேடேக் பெட்ரோல் எஞ்சின் வைத்தும் விற்றது. புல்லட் வண்டியை உதைப்பதுபோலக் காலால் மிதித்துக் கிளப்ப வேண்டும். புகை வெளியே போக வளையும் இரும்புக் குழாய் ஒன்றை ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ நீட்டிவிடுவார்கள்.

இதைப் புதுப்பிப்பவருக்கு எந்திரம் ஒத்துழைக்கிறது. அலுமினியத் தொட்டி துருப்பிடிக்காது, தேய்த்தால் பளபளக்கும். பற்சக்கரப் பெட்டியைத் திறந்து பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றலாம். நட்டும் போல்ட்டும் கழற்றி மாட்டக்கூடியவை. கெட்டுப்போவதெல்லாம் ரப்பரும் ஒயரும்தான். பிழியும் உருளை கல்லாக இறுகியிருக்கும், தொட்டியின் நடுத்தண்டில் இருக்கும் சீல் கசியும், மின்கம்பியின் உறை பொடியாக உதிரும். இவற்றை மாற்றிவிட்டால் நூறு வயது மெஷின் ஓடும். சேகரிப்பாளர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பழைய வண்ணத்தை உரிந்தபடியே விடுவதா, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலப் பூசுவதா? இரண்டு பக்கமும் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதைப் பற்றி நம் ஊரில் நடக்கும் வாதத்தை அப்படியே நினைவூட்டும்.

போடி வீட்டு மெஷின் வேறு குலம். இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்க, இன்னொரு பக்கம் பிழிய. துவைக்கும் தொட்டியின் அடியில் தட்டு ஒன்று சுழலும். இதன் வம்சாவளியைத் தேடினால் பிரிட்டனுக்குப் போக வேண்டும். வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் 1948-இல் ஹூவர் கம்பெனி தொட்டியின் பக்கவாட்டில் சுழலும் தட்டு வைத்து ஒரு சிறிய மெஷினைச் செய்தது. அதைப் பிரித்துப் படித்த ஜப்பானின் சான்யோ, 1953-இல் தன்னுடையதை 28,500 யென்னுக்கு விற்றது. அப்போது அங்கே இருந்த மற்ற மெஷின்களின் விலையில் அது ஏறக்குறைய பாதிதான். குறைந்த தண்ணீர், சின்ன வீடு, எளிய மோட்டார் என்ற அந்த ஜப்பானிய வழிதான் ஆசியா முழுக்கப் பரவியது. 1980-களின் கடைசியில் தூர்தர்ஷன் விளம்பரங்களில் வீடியோகான் வந்தது. வேர்ல்பூல் கம்பெனி டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் ஆலை போட்டது. போடியின் பாத்ரூம் வாசலில் நிற்கும் மெஷினுக்கு மேடேக் தூரத்து உறவு, ஹூவர்தான் நேர்ப்பாட்டன்.

அதன் உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனால் துருப்பிடிக்காது என்று விற்றார்கள், உண்மைதான். ஆனால் வெயில் பட்டால் பழுப்பாகும், பிறகு விரல் பட்டாலே விரியும். விரிந்த பிளாஸ்டிக்கை எம்-சீல் வைத்து அடைக்கலாமே தவிர, பளபளப்பாக்க முடியாது. புதுப்பிக்க ஆசைப்படுபவருக்கு முதல் தோல்வி இங்கேயே காத்திருக்கிறது.

ஆனால் பழுது பார்ப்பவருக்கு அப்படி இல்லை. மெக்கானிக் வந்தால் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டெஸ்டரை வைப்பார். உள்ளே இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், கெப்பாசிட்டர், கடிகாரம்போல டிக் டிக்கென்று ஓடும் இரண்டு டைமர். அவ்வளவுதான் மொத்தக் குடும்பமும்.

"அக்கா, மோட்டாருக்கு ஒண்ணுமில்லக்கா. கெப்பாசிட்டர்தான் போயிருச்சு."

"போன தடவையும் இதத்தானப்பா சொன்ன?"

"போன தடவ இந்தப் பக்கம்க்கா. இது ஸ்பின் பக்கம்."

துவைக்கும் பக்கம், பிழியும் பக்கம் என்று பழுதும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பிழியும் தொட்டிக்குக் கீழே இருக்கும் ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் நேரே கீழிருக்கும் மோட்டார்மேல் சொட்டும். சொட்டச் சொட்ட பேரிங் துருவேறி, மோட்டார் உறுமும். பலர் உறுமலோடேயே ஓட்டுவார்கள். ஒருநாள் புகை வரும். "காயில் எரிஞ்சிருச்சு" என்று மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு எடுத்துப் போவார்கள். கிணற்று மோட்டாரும் தோட்டத்து மோட்டாரும் வந்து குவியும் கடை அது. அவற்றுக்கு நடுவில் வாஷிங் மெஷின் மோட்டார் தேங்காய் அளவில் உட்கார்ந்திருக்கும். புதிதாக வரும் சில மோட்டார்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. வைண்டிங்காரர் அதைச் செம்பில் சுற்றிக் கொடுத்தால், பழுது பார்த்த மோட்டார் கம்பெனி மோட்டாரைவிட உசத்தியாகிவிடும். ஈட்டன் வகைச் சேகரிப்பாளர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். அவருக்கு அசல் வேண்டும். போடிக்கு ஓட வேண்டும்.

அடுத்த எதிரி எலி. செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். எலி ஏறி ஒயரைக் கடிக்கும், சில நேரம் வெதுவெதுப்புக்கு அங்கேயே குட்டி போடும். அதற்கு மெக்கானிக் ஒரு தகடு அடிப்பார். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியால் கட்டிய தகடு. டின்னில் அச்சிட்ட எண்ணெய்க் கம்பெனிப் பெயர் பாதி வெட்டுப்பட்டு மெஷினுக்கு அடியில் தலைகீழாகத் தெரியும்.

இரண்டு ஊர்களையும் ஒட்ட வைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: பிழிதல். துவைக்கும் வேலையில் உண்மையில் இடுப்பை ஒடிப்பது கும்முவது அல்ல, பிழிவதுதான். நனைந்த போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கியவர்களுக்கு இது தெரியும். மேடேக்கின் தலைமேல் இரண்டு ரப்பர் உருளை நின்றது அதற்காகத்தான். துணியை உருளைகளுக்கு இடையில் கொடுத்தால் நசுங்கித் தகடாக மறுபக்கம் வரும்; பட்டன்கள் தெறிக்கும். துணியோடு விரலும் போகும். விரலோடு கை, சில நேரம் தலைமுடி. அதனால்தான் உருளைகளை உடனே விடுவிக்கும் தட்டுக்கட்டை ஒன்று வைத்தார்கள். மேக்ஸ்வெல் தன் புத்தகத்துக்கு, வாஷிங் மெஷின் பெண்களின் உயிரைக் காத்தது என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். பாதி உண்மை. விறகுக் கொப்பரையிலிருந்து காத்தது; உருளையிலிருந்து காப்பாற்றக் கொஞ்ச காலம் பிடித்தது.

போடி மெஷினில் உருளை இல்லை, சுழலும் தொட்டி. மூடியைத் திறந்தால் பிரேக் ஒயர் இழுத்துத் தொட்டி நிற்க வேண்டும். அந்த ஒயர் அறுந்த மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் அப்படியே ஓடுகின்றன. மூடியைத் திறந்த பிறகும் தொட்டி விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். "அது நிக்கிற வரைக்கும் கைய விட்டுறாத" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். பிரேக் ஒயர் மாற்றப் பெரிய செலவு ஆகாது. ஆனால் மெஷின் ஓடும்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது நம் வழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் சிக்கனத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

மலைச்சரிவு ஏறினால் பிழிதலின் மதிப்பு இன்னும் கூடும். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள் பெண்களே அதிகம். மழைக்காலத்தில் மேலே மேகம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட சேலை இரண்டு நாளானாலும் ஈரமாகவே தொங்கும். துவைக்கும் மோட்டார் செத்துப்போன மெஷினைக்கூட வைத்திருந்து, கையில் துவைத்துப் பிழிய மட்டும் போடுகிறவர்கள் உண்டு. பாதி உயிரோடு ஒரு மெஷின் பல வருடம் தாங்கும். அதைப் பழுதானது என்றும் சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

அதே மலையில் ஏலக்காய் ஸ்டோர்களில் வேறொரு கழுவும் எந்திரம் இருக்கிறது. பறித்து வந்த பச்சைக்காயை உருளைத் தொட்டியில் போட்டுச் சுற்றி மண்ணைக் கழுவும். கழுவிய காயை இரண்டு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் முக்கி எடுத்து உலர்த்தினால் பச்சை நிறம் நிற்கும் என்பது ஏலக்காய்க்காரர்கள் அறிந்த முறை. துணிக்குப் போடும் அதே சோடா. பிறகு 45 முதல் 50 டிகிரி வரை சூட்டில் காயும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். பச்சை குறைந்தால் விலை குறையும். அதனால் ஸ்டோரில் எது நின்றாலும் அன்றைக்கே ஆள் வந்துவிடும். வீட்டு மெஷின் நின்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பெண்ணின் கை இருக்கிறதே.

இங்கே ஒப்பீட்டை இரண்டு பண்பாடுகளின் கதையாக முடித்துவிடுவது சுலபம்: அவர்கள் பாதுகாக்கிறார்கள், நாம் பயன்படுத்தித் தீர்க்கிறோம் என்று. ஆனால் மேடேக்கின் பழைய சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனியே தன் மெஷினில் பொருத்த இறைச்சி அரைக்கும் பாகமும் வெண்ணெய் கடையும் பாகமும் விற்றது. பண்ணைக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி வேறு வேலைகளுக்கு மாட்டினார்கள். பையன்கள் அதை வைத்துச் சின்ன மோட்டார் வண்டி செய்தார்கள். பஞ்சாபில் சாலையோர தாபாக்காரர்கள் வாஷிங் மெஷினில் லஸ்ஸி கடைவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அயோவாவில் அதைக் கம்பெனியே செய்து கொடுத்தது என்பதை அறிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அயோவாவும் போடியாகத்தான் இருந்தது.

அப்படியானால் அங்கே மிஞ்சியதும் இங்கே மிஞ்சாததும் ஏன்? என் கணிப்பில், அன்பு அதற்குக் காரணமல்ல, இடம்தான். அமெரிக்கப் பண்ணையில் வைக்கோல் கொட்டகை உண்டு. ஓடாததை அதன் மூலையில் தள்ளிவிட்டு நாற்பது வருடம் மறந்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். போடியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பரண் ஒன்றுதான் மறதிக்கு ஒதுக்கிய இடம். அதிலும் பித்தளையும் பொங்கல் பானையும் முதலிலேயே ஏறிவிட்டன. வாஷிங் மெஷின் பரணேறாது. நின்றுபோன மெஷினின் செம்புக்கும் இரும்புக்கும் அன்றைக்கே விலை உண்டு. ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் பழசை எடுத்துக்கொண்டு கழித்துக் கொடுக்கிறார். மறக்கப்பட நேரமில்லாமல் அது பணமாகிவிடுகிறது.

இந்த மலையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் 1905 காலத்துத் தேயிலை உருட்டும் எந்திரம் நிற்கிறது. நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அந்த ரயிலில் போடிக்கும் பங்குண்டு. 1902-இல் ஒற்றைத் தண்டவாள ரயிலாகத் தொடங்கி, 1908-இல் சிறு ரயிலாக மாறி, மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போயின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதே முறையில் கட்டிய பட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயில் 1907 முதல் 1927 வரை ஓடியது. நிறுத்திய பிறகு எஞ்சின்கள் பொதுப்பணித்துறை வளாகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1962-இல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேய ரயில் ஆர்வலர் அவற்றைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் பணிமனையில் ஒன்றைப் புதுப்பித்து, டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நீராவியில் ஓட்டிக் காட்டினார்கள். முப்பத்தைந்து வருடம் துருவேற ஒரு வளாகம் கிடைத்ததால் பட்டியாலா எஞ்சினுக்கு மறுபிறவி. குண்டலைக்கு ஒரு சக்கரம்.

மூணாற்று அருங்காட்சியகத்திலும் நிற்பவை பெரும்பாலும் கம்பெனியின் சொத்தாக இருந்தவை. தொழிலாளி வீட்டு எந்திரத்துக்கு, அதிலும் பெண்ணின் கையில் இருந்த எந்திரத்துக்கு, சுவரோரம் ஒதுக்கும் உரிமையாளர் யார்? மேக்ஸ்வெல்லின் கொட்டகை இந்த இடத்தில்தான் பெரிய காரியமாகத் தெரிகிறது. ரயில் எஞ்சினுக்கும் காருக்கும் கிடைத்த மரியாதையைத் துணி துவைக்கும் தொட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் அங்கே மெஷின் இருக்கிறது, துவைத்தவள் இல்லை. மெஷின் எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி என்று பலகை சொல்லும். யார் வீட்டில், எத்தனை பேர் துணியை அது புரட்டியது என்பதைச் சொல்ல ஆளில்லை. இதற்கு மறுதலையான காட்சி, போடி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 தொடங்கும் கொச்சியில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி சலவைத்துறையில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் கல்லில் அடித்துத் துவைத்து, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையில் துணியின் முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் வந்து படமெடுக்கிறார்கள். அங்கே ஆள் இருக்கிறார். அவர் காட்சிப்பொருளாகிவிட்ட சங்கடமும் கூடவே இருக்கிறது.

போடிக்கு வாஷிங் மெஷினோடு இன்னொரு சம்பந்தமும் உண்டு, அது அரசியல். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வீடு தேடி வந்தன. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க. வெளியிட்ட அறிக்கையில் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் என்றார்கள். அப்போது கட்சியின் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் போட்டியிட்டது போடியில்தான். அவர் ஜெயித்தார், கட்சி தோற்றது, மெஷின் வரவில்லை. வந்திருந்தால் இந்த ஊரில் ஒரே அச்சில் வார்த்த பல்லாயிரம் மெஷின்கள் ஒரே வருடத்தில் இறங்கியிருக்கும். பாகம் கிடைக்கும், ஒன்றை உடைத்து இன்னொன்றை ஓட்டலாம், மெக்கானிக்குகளுக்குப் பத்து வருடப் பாடு கழியும். புதுப்பிக்கும் ஆசைக்காரருக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்காது.

அந்த ஆசைக்காரர் இன்றைக்குப் போடியில் ஒருவர் கிளம்பினால் எங்கே தொடங்குவார்? 1990-களின் மெஷின்களுக்குக் கம்பெனியிடம் பாகம் கிடைக்காது. சில கம்பெனிகளே இல்லை. முகப்பு ஸ்டிக்கரின் நிறம், குமிழின் வடிவம், மூடியில் இருந்த எழுத்து இவற்றுக்கெல்லாம் ஆதாரம் கல்யாண ஆல்பம்தான். சீர்வரிசைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகப்பு தெளிவாகத் தெரியும். மேல்பக்கம் தெரியாது, லேஸ் துணி மூடியிருக்கும்.

பின்பக்கத்தைத் திறந்ததும் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். செம்பில் மறுபடி சுற்றிய மோட்டார், வேறு கம்பெனியின் டைமர், எம்-சீல் தழும்பு, அடியில் எண்ணெய் டின் தகடு. இவற்றைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் நின்ற நாளுக்கு மெஷினைத் திருப்பிக் கொண்டுபோவதா? ஈட்டனின் கணக்கில் அதுதான் புதுப்பித்தல். போடியில் செய்தால், இருபத்தைந்து வருடம் அது ஓடியதற்கான தடயம் முழுவதும் குப்பைக்குப் போகும். மிஞ்சுவது கடை வாசலில் நின்ற சரக்கு. நான் செய்வதாக இருந்தால் பிரேக் ஒயரை மாற்றுவேன், கிழிந்த சீலை மாற்றுவேன், தகட்டை விட்டுவைப்பேன். முன்பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின்பக்கத்தைத்தான் வருகிறவர்களுக்குக் காட்டுவேன். பக்கத்தில் பலகை வைத்தால் வாங்கிய வருடத்துக்குக் கீழே அதில் துவைத்தவர் பெயர் இருக்கும், அவர் சம்மதித்தால். அதற்கும் கீழே சுற்றிக் கொடுத்த வைண்டிங் கடையின் பெயர்.